எனக்குப் பதிலாக இருமுகிறவன்

அன்பு மருமகளுக்கு,

ஒருவரும் நம்பாத கதையொன்றைச் சிவனொளிபாத மலைமேல் ஆணையாக எழுதுகிறேன். வயதாகிவிட்டதென்று தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து என் பேரை வெட்டிய அன்று, தோட்டத்துத் துரை அழுத கண்ணீரில் நோர்வூட் பாலமே மூழ்கியது. எனக்குக் கால் அமுக்க நாலு பேர், கஞ்சி ஊட்ட இரண்டு பேர், இருமல் வந்தால் எனக்குப் பதிலாக இரும ஒருவன் என்று ஆள் போட்டுவிட்டார்.

கூலிகளை மேய்க்கும் கங்காணி செல்லசாமி மட்டும், தோட்டம் தந்த என் ஒற்றை அறை வாசலில் வந்து நின்றான்.

"பேர் வெட்டுன ஆளுக்கு லயக் காம்பரா ஏதுங்கண்ணே? வேலைக்கு வர்ற குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு."

"இருமுறவன் பேருல எழுதிக்க தம்பி" என்றேன். சிரித்தான், ஆனால் போகவில்லை.

பிள்ளைகள் சுகமா? உன் அடுப்படியில் ஒரு சாக்குக் கட்டில் போட இடமிருக்குமா?

கதையில் கங்காணி வந்தது மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன் மாமன்