வட்டமிட்ட நாள்கள்

இன்று காலை உங்கள் மனைவி காஜா பேராங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு நோட்டை மேசையில் வைத்தார். "பழைய பேப்பர்காரனுக்குப் போட மனசு வரல, டீச்சர். நீங்களே வெச்சுக்குங்க." பிரித்ததும் காய்ந்த ஆற்றுச் சேறும் இலைச் சுருட்டும் கலந்த உங்கள் வாடை வந்தது. நீங்கள் இறந்துபோய் மூன்று மாதமாகிறது. வாடை இன்னும் போகவில்லை.

ஆற்றங்கரையில் நட்டிருந்த அளவுப் பலகையைத் தினமும் காலையில் பார்த்து நீர்மட்டத்தைக் குறிப்பது உங்கள் வேலை. அலுவலகத்துக்கு ஒரு பதிவேடு. உங்களுக்கென்று இந்த நோட்டு. எண்ணை எழுதிய பிறகு விரலை ஆற்றில் நனைத்து நாக்கில் வைப்பீர்கள். உப்புக் கரித்தால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம்.

மெர்டேக்கா விடுதலை நாளுக்கு அடுத்த ஆண்டு, நகரத்தின் குடிநீருக்காக மேலே ஒரு தடுப்பணை கட்டத் திட்டமிட்டார்கள். அணைக்குக் கீழே மீன்கள் பிழைத்திருக்க எவ்வளவு நீர் விட வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்ல ஆள் தேடினார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஊர் திரும்பிவிட்டார். விலங்கியல் படித்துவிட்டுப் பள்ளியில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்த என்னிடம் அந்தக் காகிதம் வந்தது. பெருமையாக இருந்தது. அதை இனி மறைத்து என்ன பயன்?

உங்கள் நோட்டை வாங்கி எண்களை மட்டும் படியெடுத்தேன். நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

"வட்டத்தையெல்லாம் விட்டுட்டீங்களே, டீச்சர்."

"நாக்கு ஒரு அளவுகருவி இல்லண்ணே."

"அப்படியா? வீட்டுல குழம்புக்கு உப்பு பார்க்க என்னா மெஷின் வெச்சிருக்கீங்க?"

நான் சிரிக்கவில்லை. நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனீர்கள்.

வறண்ட மாதங்களில் மேலிருந்து வரும் நீர் குறையக் குறைய, கடல் ஆற்றுக்குள் ஏறிவரும். பலகையில் மட்டம் உயர்ந்து நிற்கும், நிற்பது உப்புநீர். எனக்குக் கடலேற்றம் தெரியாததல்ல. அது அந்தப் பலகைவரை வராது என்று வரைபடத்தைப் பார்த்து நம்பினேன். எல்லா நாள்களையும் கூட்டிச் சராசரி எடுத்து, வறட்சியிலும் ஆற்றில் தாராளமாக நீர் இருக்கிறது, அணையிலிருந்து கொஞ்சம் விட்டால் போதும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அணை வந்த பிறகு, முதல் வறட்சியில், பள்ளி வாசலில் நின்றீர்கள். சைக்கிள் கைப்பிடியில் நாரில் கோத்த செத்த விரால்.

"உங்க ரிப்போர்ட்டுல தண்ணி இருக்குன்னு போட்டிருக்கு. இவனுக்குப் படிக்கத் தெரியல போல லா."

"ஒரு மீனை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே."

"சரி டீச்சர். மத்ததையும் கொண்டாறேன்."

கொண்டுவரவில்லை. அந்தப் பேச்சையே பிறகு எடுக்கவில்லை. தீபாவளிக்கு முறுக்கு மட்டும் தவறாமல் வந்தது. நோட்டில் வட்டங்கள் பெருகியிருக்கின்றன. கடைசிப் பக்கங்களில் வட்டமில்லாத எண்ணைத் தேட வேண்டியிருக்கிறது.

இப்போது அணையை இன்னும் உயர்த்தப் போகிறார்களாம். கீழே விடும் நீருக்கு என் பழைய கணக்கே போதும், உறுதிசெய்து அனுப்புங்கள் என்று போன வாரம் ஒரு படிவம் வந்தது. எனக்கு ஐம்பதாகப் போகிறது, களைப்பாக இருக்கிறது. கையெழுத்தைப் போட்டுவிடலாம் என்று பேனாவைத் திறந்தும் வைத்திருந்தேன், உங்கள் மனைவி கதவைத் தட்டும்வரை.

படிவத்தோடு அணையில் திறந்துவிட்ட நீரின் பதிவும் வந்திருந்தது. அதை உங்கள் வட்டங்களோடு நாள் நாளாக ஒப்பிட்டேன். எவ்வளவு விட்டால் வட்டம் விழாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. நான் எழுதியதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

மாலையில் ஆற்றங்கரைக்குப் போனேன். பலகை சாய்ந்து நிற்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

பழைய கணக்கு தவறு, தவறு என்னுடையது என்று எழுதிவிட்டேன். ஏற்பார்களா என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. குழாயடியில் நிற்பவர்களுக்கு ஓட்டு இருக்கிறது, விராலுக்கு இல்லை. படிவத்தில், உப்பை அளந்த கருவி எது என்று ஒரு கட்டம். நெடுநேரம் அதை வெறுமையாக விட்டிருந்தேன். பிறகு 'நாக்கு' என்று எழுதினேன். அடிக்கவில்லை.

உங்கள் நோட்டில் இன்றைய தேதியையும் மட்டத்தையும் எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். நாளைக் காலையும் போக வேண்டும்.