களையெடுக்கப் போன அப்பா

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதிவிட்டு மேலே போகத்தான் நினைத்தேன். கை ஓடவில்லை.

போன மாதம் அப்பா வாய்க்கால் ஓரத்தில் வழுக்கி விழுந்ததும், இனி அவரைத் தோட்டத்துக்கு விடாதே என்று எழுதினாயே, அப்படியே செய்துவிட்டேன். நான் சொன்னால் கேட்கமாட்டாரென்று, "டாக்டர் கூடாதுன்னுட்டாருப்பா" என்று பொய் சொன்னேன். டாக்டர் சுளுக்குக்குக் களிம்பு தந்ததோடு சரி.

சண்டைக்கு வருவார் என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றேன். "சரிம்மா" என்றார். அம்மா இருந்தபோதுகூட அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை.

மாட்டுக்குத் தீனி வைத்த பிறகுதான் நமக்கு அடுப்பு என்பாரே, இப்போது அதை நான் வைக்கிறேன். அவருக்கு டீயைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அது ஆடை கட்டி ஆறிக் கிடக்கிறது. நேற்று, "கொட்டகை வரைக்கும் போய்ட்டு வரட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்ட விதம் நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது. தப்புச் செய்கிறேனோ?

உன் அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்கா,

நல்லதுக்குச் சொன்ன பொய்யைப் போட்டு இப்படிக் குழப்பிக்கொள்ளாதே. நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், பிறகு பழகிவிடும். சாய்ந்து உட்கார நல்ல நாற்காலி ஒன்று அனுப்புகிறேன். பஸ் பட்டறையில் எனக்குத் தலைக்கு மேல் வேலை, லீவு கேட்டால் மேலாளர் கடித்துக் குதறுவார். நீ இருக்கிற தைரியத்தில்தான் நான் இங்கே இருக்கிறேன்.

தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

நாற்காலி வந்தது. அதில் பூனை படுத்திருக்கிறது.

திங்கட்கிழமை பால் கறந்துவிட்டு வந்து பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அந்த நேரத்தில் என் உயிர் என்னிடத்தில் இல்லை. கடைசியில் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார், தக்காளிப் பாத்தியில் குந்தி உட்கார்ந்து களையெடுத்துக்கொண்டு. தோட்டத்துச் சொந்தக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேலை இருக்கான்னு கேட்டாரும்மா. அவர்கிட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல" என்றார்.

நான் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நம்ம தோட்டத்துல இல்லாத களையாப்பா?"

"அங்க நீ பயப்படுற. இங்க யாரும் பயப்படல."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. டாக்டர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"தெரியும்மா. அடுத்த நாளே டாக்டருக்குப் போன் போட்டேன். நீ பயந்து போய்த்தான் சொல்றன்னு விட்டுட்டேன்."

இத்தனை நாளும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் கட்டிலில் கிடந்திருக்கிறார், தம்பி. வீட்டுக்கு வாங்கப்பா, நாளையிலிருந்து இரண்டு பேருமாகத் தோட்டத்துக்குப் போவோம் என்றேன். "இந்தப் பாத்தியை முடிச்சுத் தரேன்னு ஒத்துக்கிட்டேன். பாதியில விட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். நானும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பக்கத்து வரிசையில் இறங்கினேன்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். கண்ணில் எண்ணெய் தெறித்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்பாவைத் தோட்டத்துக்கு விடாதே என்று எழுதியபோது, அவர் விழுந்துவிடுவாரே என்று நான் பயப்படவில்லை. விழுந்தால் நான் வரவேண்டியிருக்குமே என்றுதான் பயந்தேன். அந்தப் பயத்தை உன் தலையில் கட்டினேன். பொய் உன் வாயிலிருந்து வந்தாலும் அது என்னுடையது.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் கடிக்கவில்லை; இத்தனை வருஷமாக நான் கேட்டதே இல்லை என்றார்.

தம்பி

ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு,

அப்பா நம் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். வாய்க்கால் ஓரம் மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். அதுவும் எனக்காகத்தான் என்கிறார்.

உன் கடிதத்தைக் கொட்டகையில் உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். பயந்தேன் என்று நீ எழுதிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு, லீவு கிடைத்ததை உரக்கப் படித்தேன். அவர் கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"நடுவுல கொஞ்சம் தாண்டிட்ட" என்றார். "பரவாயில்ல. அவனே வந்து சொல்லட்டும்."

அக்கா