பெரியக்காவை நீக்கும் முறை

ஜனவரி 8

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதற்கு மேல் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். "நாள் முழுக்க ஸ்க்ரீன்தான் பாக்கறோம், நமக்குள்ளயாவது காகிதம் இருக்கட்டும்" என்றாயே, அதனால்தான் இந்தப் பேனா.

ஆபீசில் நேரம் கெட்டுக் கிடக்கிறது. கணினிக்குக் கணினி கடிகாரம் வேறு. கணக்குப் பிரிவில் சாப்பாட்டு வேளை வந்துவிட்டது என்று எழுந்தால், பக்கத்து அறையில் இன்னும் ஆகவில்லை என்கிறார்கள். சிலருக்குக் கடவுச்சொல் சரியாக இருந்தும் கணினி உள்ளே விடுவதில்லை.

காரணம் உனக்கே தெரியும். நீ இங்கே வேலை பார்த்தபோது பெயர் வைத்த இரண்டு சர்வர்களில் பெரியக்கா, போன வருஷம் நீ ரயில் ஏறிய வாரமே படுத்துவிட்டாள். எல்லோருக்கும் நேரம் சொன்னவள் அவள்தானே. சின்னக்கா ஒருத்தியாக இழுத்துக்கொண்டிருக்கிறாள். நடுநடுவே அக்காவைக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிடுகிறாள். அவள் எழுதிவைக்கும் பதிவுகளில் அதையெல்லாம் தினமும் படிப்பவன் நான்.

மேனேஜர் கேட்கிறார்: "ஊருக்கெல்லாம் உங்க வீட்டம்மா பாடம் எடுக்கறாங்க. செத்த மெஷின் ஒண்ணைத் தூக்க நீங்க ஏன் இப்படி முழிக்கறீங்க?"

என்ன செய்யட்டும்?

உன்
சர்வர்காரன்

ஜனவரி 13

என் சர்வர்காரருக்கு,

ஒரு வருஷமாகவா அவளை அப்படியே போட்டு வைத்திருக்கிறீர்கள்? உங்களைத் திருத்த முடியாது.

என் வகுப்பிலும் இந்த வாரம் அதே பாடம்தான். ஒரு சர்வர் முறைப்படி விலகினால், மற்றவற்றிடம் சொல்லிக்கொண்டு, கையிலிருக்கும் வேலைகளை ஒப்படைத்துவிட்டுப் போகும். திடீரென்று சாய்ந்தது அப்படிச் செய்யாது. ஆட்கள், மெஷின்கள் பெயரெல்லாம் இருக்கும் டைரக்டரியில் அதன் பெயர் நின்றுகொண்டே இருக்கும், மற்றவை தேடிக்கொண்டே இருக்கும். நாம்தான் கையால் நீக்க வேண்டும். நீக்கும்போது திரையில் ஒரு கட்டம் வரும்: 'இது இனி வராது, தானே விடைபெறவும் இதனால் முடியாது.' அதில் டிக் போட வேண்டும். "தப்பா டிக் போட்டுட்டா என்ன ஆகும் மேடம்?" என்று கடைசி வரிசையில் ஒரு பெண் கேட்டாள். அதற்குப் பிறகு எனக்குப் பாடம் ஓடவில்லை.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பெரியக்காவை மறுபடி நெட்வொர்க்கில் மாட்டாதீர்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பழைய கதை, அதையே சின்னக்காவுக்கும் சொல்லிவிடுவாள்.

ஒரு வருஷத்துக்கென்று வந்த என்னை இந்தப் பயிற்சி நிலையத்தில் நிரந்தரமாக்கப் போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். இப்படி ஆகிவிடுமோ என்று அன்றைக்கே பயம். அதைச் சொல்லத்தான் ரயிலடியில் வாயைத் திறந்தேன். நீங்கள் யூபிஎஸ் அறைச் சாவி எங்கே என்று கேட்டீர்கள்.

உங்கள் வாத்தியாரம்மா

ஜனவரி 17

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

திட்டாதே. மாட்டிவிட்டேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே பவர் சப்ளையை மாற்றி, கேபிளைச் சொருகியிருந்தேன். பெரியக்கா மூச்சு விட்டாள். பச்சை விளக்கு மினுக்கியது. சின்னக்கா கூப்பிடுவதை நிறுத்தினாள். அறை முழுக்க ஓர் அமைதி, மழை விட்ட மாதிரி.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நாங்கள் டைரக்டரியிலிருந்து எடுத்துவிட்ட பெயர்கள் திரும்ப நின்றன. ஓய்வு பெற்ற காசாளர். போன மழையில் இறந்துபோன டிரைவர் அண்ணன், அந்தத் தொப்பிப் படத்தோடு. அப்புறம் நீ. உன் பழைய அறை, பழைய எண், எல்லாம் அப்படியே.

உன் எண்ணைச் சுற்றினேன். ஆபீஸ் கூடத்துக்கு அந்தப் பக்கம், உன் காலி அறையில் மணி அடித்தது. வெயில் தரையில் நகர்ந்துகொண்டிருந்தது. நீ எடுத்துவிடுவாய் என்றே நினைத்தேன் என்றால் சிரிப்பாய். ரிசீவரைக் கீழே வைக்கக் கை வரவில்லை.

சர்வர்காரன்

ஜனவரி 21

என் அசட்டு மனுஷருக்கு,

உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிழை வரும். வகுப்பில் இதைச் சொன்னேன், யார் என்று சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

உடனே கேபிளைப் பிடுங்குங்கள். பெரியக்காவை நீக்குங்கள். டிக் போடுங்கள். அவள் வைத்திருந்த வேலைகள் சின்னக்காவிடம் தானாக வராது, பறித்துத்தான் கொடுக்க வேண்டும். நேரம் சொல்வதையும் சேர்த்து. திரும்பி வந்த பெயர்களையும் எடுத்துவிடுங்கள். டிரைவர் அண்ணன் தூங்கட்டும்.

என் பெயரையும்தான்.

வாத்தியாரம்மா

ஜனவரி 25

அன்புள்ள உனக்கு,

செய்துவிட்டேன். பெரியக்காவுக்கு டிக் போட்டேன். சின்னக்கா எல்லா வேலையையும் வாங்கிக்கொண்டாள். இன்று ஆபீஸ் முழுக்க ஒரே நேரம், எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போனார்கள். மேனேஜர் முதுகில் தட்டினார்.

உன் பெயரைக் கடைசியாக எடுத்தேன்.

வீட்டிலும் நீ பார்த்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுவிட்டேன். செடிக்குத் தண்ணீர், கரண்ட் பில், உன் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன். கூடத்துச் சுவர்க் கடிகாரம் மட்டும் நின்றபடி இருக்கிறது. அதற்குச் சாவி கொடுக்கும் வேலையைப் பறிக்க மனம் வரவில்லை.

நீ கையெழுத்துப் போட்டுவிடு. இனி வரமாட்டாய் என்று நானும் மனதில் டிக் போட்டுக்கொள்கிறேன்.

உன்
சர்வர்காரன்

ஜனவரி 29

என்னங்க,

பாதிப் பாடம்தான் படித்திருக்கிறீர்கள். டிக் போடும் அந்தக் கட்டம், தன் வாயால் சொல்ல முடியாததற்கு. நான் செத்த மெஷினா? "வர்றியா, இல்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கடைசி வரிசைப் பெண்ணுக்கு இன்று பதில் சொன்னேன்: "டிக் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூப்பிட்டுப் பாரும்மா."

கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். இருப்பதானாலும் போவதானாலும் இந்தத் தடவை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். நீங்களும் வாயைத் திறக்க வேண்டும், சாவியைப் பற்றி அல்ல.

சுவர்க் கடிகாரத்தைத் தொடாதீர்கள். அது இன்னும் என் வேலை.

உங்கள்
நான்