ஹ்விடோவ்ரே வீட்டில் உன் படம்

அன்புள்ள நண்பா,

கோபன்ஹேகன் பேருந்தில், சென்னையிலிருந்து வந்திருக்கும் நாங்கள் மூவரும் தமிழில் பேசுவதைக் கேட்டு, பையில் வாழையிலையோடு நின்ற ஒரு பெண் திரும்பினாள். பெயர் சுஜீதா.

"இண்டைக்கு எங்கட அண்ணையின்ர திவசம். வீடு கிட்டத்தான், சாப்பிட்டுட்டுப் போங்கோ" என்றாள்.

ஹ்விடோவ்ரே புறநகரில் அவள் வீட்டுச் சுவரில் மாலை போட்டிருந்த படம் உன்னுடையது. இடது புருவத்துத் தழும்பு வரை நீதான்.

உனக்கு யாரும் இல்லை என்றுதானே சென்னைக்கு வந்த நாளிலிருந்து சொல்லி வருகிறாய்?

"ஊரில நடந்த கடைசி யுத்தத்தில போயிட்டார், உடம்பும் கிடைக்கேல்லை. கத்தரிக்காய்ப் பால்கறி எண்டா அவருக்கு உயிர். வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ அண்ணை" என்று எனக்கு இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

நீ உயிரோடு இருப்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நீ. அவள் தொலைபேசி எண்ணை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நேற்று உன் திவசச் சோறு தின்றவன்