சிவப்பு இரண்டு, பச்சை மூன்று

மார்ச் 3
கிடங்கில் ஆறாவது நாள். கைபேசியில் வரும் வாடிக்கையாளர் பட்டியலைப் பார்த்துக் காய்களைப் பொறுக்க வேண்டும். குடைமிளகாயில் தேறிவிட்டேன். கையில் கனக்க வேண்டும். தோல் இறுக்கமாக, காம்பு ஈரமாக. அழுத்தினால் குழி விழக் கூடாது.

பை கட்டும் அக்கா எனக்கு எம்.ஏ. என்று பெயர் வைத்துவிட்டார். "மொளகா பொறுக்கவா இத்தன வருஷம் படிச்ச, எம்.ஏ.?"

மார்ச் 5
பெட்டிகளில் நிறத்தின் பெயர் ஒட்டியிருக்கும். அதனால்தான் இதுவரை பிழைத்தேன். இன்று சீட்டே இல்லை, எல்லாம் கலந்து வந்தது. பட்டியலில்: சிவப்பு இரண்டு, பச்சை மூன்று.

மஞ்சள் தெரிகிறது. மற்ற இரண்டும் எனக்கு ஒரே சேற்று நிறம். பிறந்ததிலிருந்தே. இந்தக் கண்ணால் ஏற்கெனவே இரண்டு வேலை போயிற்று. இங்கே விண்ணப்பத்தில் 'பார்வைக் குறை இல்லை' என்று எழுதினேன்.

"அக்கா, இதுல செவப்பு எடுத்துக் குடேன்."
"ஏன், ஒனக்குக் கண்ணு என்ன பொடனிலயா இருக்கு?"
சிரித்தார். நானும் சிரித்தேன். குத்துமதிப்பாக எடுத்துப் போட்டேன்.

மார்ச் 6
இரண்டு புகார். நிறம் மாறிப் போயிருக்கிறது. மேற்பார்வையாளர் மேடம் குரலை உயர்த்தவில்லை. "இன்னொண்ணு வந்தா வீட்டுக்குக் கெளம்பிடு தம்பி."

வீட்டில் அம்மா: "வேல நெலச்சிடுச்சுன்னு அத்தகிட்ட சொல்லிட்டேன்டா."

மார்ச் 7
சிவப்பு இனிக்கும். பச்சை லேசாகக் கசக்கும். ஏன் முன்பே தோன்றவில்லை?

மார்ச் 9
காம்போரம் நகத்தால் கீறி, நகத்தை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டு நாள் பிழையில்லை. இன்று ருசி பிடிபடவில்லை — பட்டியல் நீண்டுகொண்டே போனது — கடித்துவிட்டேன்.

"என்ன பண்ற?"

பின்னால் மேற்பார்வையாளர். என் வாய் நிறைய மிளகாய். சொல்ல இரண்டு பதில்கள் இருந்தன.

"பசி, மேடம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண் கலங்கியது. "வாய விட்டுக் கேக்கக் கூடாதாப்பா?"

மார்ச் 10
அக்கா எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவந்தார். "தின்னு. வெக்கப்படாத." இன்று கேலி இல்லை. எம்.ஏ. என்றுகூடக் கூப்பிடவில்லை. காலையில் வீட்டில் வயிறு முட்டத் தின்றிருந்தேன். மறுபடி தின்றேன்.

திருடன் என்று ஒப்புக்கொள்ள முடிகிறது. கண்ணைப் பற்றி மட்டும் ஏன் முடியவில்லை? என்ன மனுஷன்டா நீ.

மார்ச் 12
என்னை உருளைக்கிழங்குக்கு மாற்றிவிட்டார்கள். "அங்க கடிச்சுப் பாக்க ஒண்ணுமில்ல," என்றார் அக்கா. எல்லாம் ஒரே நிறம். அழுதுவிடலாம் போலிருந்தது, நிம்மதியில்.

மேற்பார்வையாளர் ஒரு கிழங்கை உருட்டிக் காட்டினார். "வெயில் பட்டா இப்பிடிப் பச்ச படியும், பாரு. அத மட்டும் ஒதுக்கிடு. ஒடம்புக்கு விஷம்."

பார்த்தேன்.

மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்தக் குவியல் முன் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒன்றைக்கூடத் தொடவில்லை. பிறகு அவர் அறைக்குப் போனேன்.

"மறுபடி பசியா?" பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.

"இல்ல மேடம். கொஞ்சம் உக்காரலாமா?"