உள்ள எடம் கெடக்கு

இன்று காலை ரோலா பஸ் ஸ்டாண்டில் துபாய் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். சட்டையில் அத்தர், கையில் போட்டிருந்த கட்டில் ஆஸ்பத்திரி ஸ்பிரிட். இரண்டும் கலந்து மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். நல்ல வேளை, நீ பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்திருப்பாய். மெதுவாகச் சிரிக்க உனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. துபாய் வரும்வரை உன்னோடுதான் மனதுக்குள் பேசிக்கொண்டு வந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் முசஃபாவில் இப்போது போல் தெருவுக்குத் தெரு கிளினிக் கிடையாது. பட்டறைகளுக்கும் தொழிலாளர் கேம்ப்களுக்கும் நடுவே நம் தரும கிளினிக் ஒன்றுதான். நீ நர்ஸ், நான் ரிசப்ஷன். உனக்கு மணவாளக்குறிச்சிக் கடற்கரை, எனக்குக் கீழக்கரை. நாம் ரூம் பகிர்ந்துகொண்ட முதல் வாரமே என் ஊர்க் கடலை நீ கேலி செய்ய ஆரம்பித்துவிட்டாய். "அல இல்லாம என்னட்டி கடலு? கொளம்னு சொல்லு." நானும் விடமாட்டேன். "எங்க கடல் அடக்கமான கடல். உன்னை மாதிரி சத்தம் போடாது" என்பேன். ஞாயிறு மாலை நீ ஜெபமாலை சொல்லும்போது நான் டிவியைக் குறைப்பேன். நோன்பு நாளில் எனக்காகக் கஞ்சி காய்ச்சி, உப்புப் பார்க்க முடியாத என்னிடமே "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்பாய்.

நம் கிளினிக்குக் கட்டடம், கரண்ட், பாதி மருந்து எல்லாம் அரசு உதவி. உதவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. வருகிறவர் எந்த நாடு, எந்த மதம், என்ன வேலை என்று பார்த்து யாரையும் பிரித்து நடத்தக் கூடாது. மேனேஜர் அறைச் சுவரில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நடப்பு வேறு. ஆபீஸ்காரர்களுக்கும் குடும்பங்களுக்கும் உள்ளே ஏசி ஹால், கேம்ப் ஆட்களுக்கு வெளியே தகரக் கொட்டகை. மேனேஜர் தஞ்சாவூர்க்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஹாலில் கிடந்த கிரீம் கலர் சோபா மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம். கிரீஸ் பட்டால் போய்விடுமாம்.

கொட்டகையில் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே நீ முணுமுணுப்பாய். "இந்த வெயில்ல உக்கார வச்சிட்டு காய்ச்சல் இருக்கான்னு பாத்தா, எல்லாருக்கும் இருக்கத்தான் செய்யும்."

ஒரு நாள் மேனேஜர் நம்மை அழைத்தார். "நாளைக்கு உதவி கொடுக்கிற இடத்துலேருந்து அதிகாரி வர்றாங்க. கேம்ப் ஆளுங்க கொஞ்ச பேரை ஹால்ல உட்கார வைங்க. சுத்தமா வரச் சொல்லுங்க. அவங்க போனதும் பழையபடி." நீ தலையை மட்டும் ஆட்டினாய். உன் விசா புதுப்பிக்கிற காகிதம் அந்த வாரம் அவர் மேசையில்தான் கிடந்தது.

கேம்ப்களுக்குப் போன் போட்டது நான். நம் ஆட்களிடம் "பெரிய இடத்து ஆளு வர்றாங்க, சுத்தமா வாங்க" என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் காலை ஹால் கல்யாண மண்டபமாக இருந்தது. வெள்ளிக்கிழமைச் சட்டை, பெருநாள் ஜிப்பா, ஊருக்குப் போகும்போது போட வைத்திருந்த புது ஷூ. எல்லார் மேலும் அத்தர். ஒருவர் வரவேற்பு கொடுக்கப் பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்திருந்தார். வந்தவர்களில் நோயாளி என்று ஒருத்தரும் இல்லை.

அதிகாரி உள்ளூர்ப் பெண்மணி. கறுப்பு அபாயா, சிரிக்காத முகம், சுத்தமான இந்தி. சோபாவில் முதலில் இருந்தவரிடம் உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

"க்யா தக்லீஃப் ஹை, பாய்?"

"குச் நஹி, மேடம். சப் அச்சா."

அடுத்தவருக்கும் சப் அச்சா, எல்லாம் நலம். அதற்கடுத்தவர் எழுந்து நின்று, நீங்கள் சௌக்கியமா என்று விசாரித்துப் பேரீச்சம்பழத்தை நீட்டினார். மேனேஜருக்கு ஏசியில் வியர்த்தது. நீ முந்தானை இல்லாத குறைக்கு மருந்துத் தட்டால் வாயை மூடிக்கொண்டு நின்றாய்.

அதிகாரியின் பார்வை ஜன்னல் வழியாக வெளியே போனது. கொட்டகை பெஞ்சில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பட்டறை உடுப்போடு வந்த வெல்டர். முந்தின நாள் வெல்டிங் வெளிச்சம் பட்டு இரண்டு கண்ணும் வீங்கி, துணியால் பொத்திக்கொண்டிருந்தார். நாம் போன் செய்தது அவருக்குத் தெரியாது. எல்லாரும் வெளியே போனோம். ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். அவர் துணியை எடுக்காமலே சொன்னார். "ஹமாரா ஜகா யஹி ஹை, மேடம்." எங்க இடம் இதுதான் என்று, வருத்தமே இல்லாமல், வழி கேட்டவருக்குச் சொல்வது போல.

"அவருக்குக் காத்தோட்டமா இருந்தாத்தான் பிடிக்கும், மேடம்" என்றார் மேனேஜர்.

அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய். உன் உடைந்த இந்தியில் நீ சொன்னதன் சாரம் எனக்கு இன்றும் மனப்பாடம். அவராக உட்காரவில்லை, நாங்கள்தான் உட்கார வைத்துப் பழக்கினோம். இன்று நீங்கள் வருவதால் இவர்களை உள்ளே கூப்பிட்டோம். நீங்கள் போனதும் திரும்ப வெளியே அனுப்புவோம்.

பதிலுக்கு நீ காத்திருக்கவில்லை. பெஞ்சுக்குப் போய் அவர் முழங்கையைப் பிடித்தாய். "அண்ணே, உள்ள எடம் கெடக்கு. வாங்க." அந்த கிரீம் கலர் சோபாவில் அவரைச் சாய்த்து, கண்ணில் சொட்டுமருந்து விட்டாய்.

சாயங்காலம் ரூமில் உன்னைத் திட்டித் தீர்த்தேன். "உதவிய நிறுத்திட்டா கிளினிக்க மூடிருவாங்க. ஒன் விசா என்ன ஆவும்? ஒனக்கு என்ன பைத்தியமா?" உனக்கும் பயம்தான். நீ அதை மறைக்கவும் இல்லை.

"எங்க எடம் இதுதான்னு சொன்னாரே, கேட்டியாட்டி? அதக் கேட்டுட்டு எனக்கு நிக்க முடியல" என்றாய். பிறகு அழுதாய். நானும் அழுதேன்.

உதவி நிற்கவில்லை. இனிச் சொல்லாமல் வருவேன் என்று மட்டும் அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த வாரமே கொட்டகையைப் பிரித்தார்கள். பிரித்தவர்களும் அன்று ஜிப்பா போட்டு வந்த அதே ஆட்கள்தான். கேஸ் கட்டரால் கம்பிகளை அறுத்துப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். மேனேஜர் சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டார். உன் விசாவை மட்டும் புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டதற்கு "கலாஸ்", முடிந்தது, என்று ஒரே சொல்.

நீ சலாலாவுக்கு வேலை தேடிக்கொண்டு போனாய். "இங்க மழ பெய்யிதுட்டி. தென்ன மரம்லாம் நிக்கிது. எனக்க ஊருக்கே வந்த மாதிரி இருக்கு" என்று போனில் கத்துவாய். நான் அந்த மழையைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு உன் குரல் இளைத்தது. பிறகு நீ ஊருக்குப் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டேன். நோயோடுதான் போனாய் என்பதையும் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் உன்மேல் இருக்கிறது.

உன்னை அடக்கம் செய்த அன்று நான் லீவில் கீழக்கரையில் இருந்தேன். பஸ் மாறி மாறி உன் ஊர் வந்து சேர்ந்தபோது மாதா கோயிலுக்குள் பூசை நடந்துகொண்டிருந்தது. தலையில் முக்காடோடு வெளியே வேப்பமர நிழலில் நின்றுவிட்டேன். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. இருந்தும் என் கால் அங்கேயே நின்றது, என் இடம் அதுதான் என்பது போல. அந்த வெல்டர் ஞாபகம் வந்தது.

உன் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த உன் அம்மா எப்படியோ என்னைக் கண்டுவிட்டார்கள். போட்டோவில் பார்த்த முகம்தானே. அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து என் முழங்கையைப் பிடித்தார்கள்.

"எதுக்கு மக்களே வெளிய நிக்கிய? உள்ள எடம் கெடக்கு. வா."

அதுவரை வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. அந்தச் சொல்லை நீ எங்கிருந்து எடுத்துக்கொண்டு முசஃபாவுக்கு வந்தாய் என்று தெரிந்தது.

பஸ் துபாய் வந்துவிட்டது. நான் இப்போது இருக்கும் கிளினிக்கில் கொட்டகை கிடையாது. கண்ணாடிக் கதவு, தானே திறந்துகொள்ளும். ஆனாலும் தினமும் யாராவது ஒருவர் பட்டறை உடுப்போடு வந்து, உள்ளே பார்த்துவிட்டு, வெளியே சுவரோரம் குந்திக்கொள்கிறார். நான் கவுண்டரை விட்டு எழுந்து வெளியே போய் முழங்கையைப் பிடிக்கிறேன். இந்தியில் சொல்லத்தான் வாயைத் திறப்பேன், வருவதென்னவோ உன் ஊர்ப் பேச்சு. பெங்காலியோ பட்டாணியரோ, எழுந்து என் கூடவே உள்ளே வந்துவிடுகிறார்கள்.