ஐந்தாவது மரத்தில் வந்த மழை

போன வியாழக்கிழமை என் மாணவி ஒருத்தி, பொழுதுபோக்காகத் தான் செய்துகொண்டிருக்கும் கணினி விளையாட்டைக் காட்ட மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காட்டுக்குள் ஓடும் ஒரு சிறுமி, அவள்மேல் வந்து விழும் கற்கள். "சார், கல்லு எப்ப விழும்னு யாருக்கும் தெரியக்கூடாது. ஆனா ஒவ்வொரு தடவையும் அதே எடத்துலதான் விழுது. எங்க தப்புன்னே தெரியலலா" என்றாள். தப்பு எங்கே என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அவளிடம் சொல்லாமல், தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய் நின்றேன். நீ இறந்துபோய் அன்றைக்கு நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் புக்கிட் ரோத்தானில் எங்கள் வீட்டில் ஒரு கணினி இருந்தது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. சிங்கப்பூரில் வேலை செய்த அண்ணன் கொண்டுவந்து போட்டது. தொலைக்காட்சிதான் அதற்குத் திரை, பாட்டு கேட்கும் கேசட்தான் அதற்கு நினைவு. நாம் எழுதியதை நாடாவில் பதிந்து மறுபடி ஏற்றும்போது அது கிறீச்சிடுகிற சத்தத்தில் என் அம்மா காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். கணினி என்னுடையது, மூளை உன்னுடையது. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் உட்கார்ந்து பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் வரிவரியாக எழுதி, ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து தட்டுவாய். வாரம் முழுக்கக் கணினி பக்கத்திலேயே இருந்த நான் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். நன்றாக விளையாடுவேன், அவ்வளவுதான்.

நாம் செய்தது ஒரு பால்மர விளையாட்டு. ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிற பெண் ஒருத்தி நிரையில் மரம் மரமாகப் போய்ப் பாலைச் சேகரிக்க வேண்டும். மழை வருவதற்குள் கூரைக்கு ஓடிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாளியில் இருப்பதெல்லாம் வீண். எப்போது மழை வரும் என்பதைக் கணினியே இஷ்டப்படி முடிவு செய்யும் என்று எழுதியிருந்தாய். ஒரு மாதத்தில் நான் ஒரு சொட்டு நனையாமல் ஆட்டத்தை முடிக்க ஆரம்பித்தேன். கைதேர்ந்துவிட்டேன் என்று இரண்டு பேருமே நம்பினோம்.

அந்தச் சமயத்தில்தான் கிள்ளானில் ஒரு கணினிக் கடையில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் தேடுவதாகத் தெரிந்தது. சொந்தமாக எதையாவது செய்து கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார் முதலாளி. அந்த வேலை உனக்குத்தான் என்று அன்றைக்கே பேசி முடித்துவிட்டோம். உன் அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அப்பா இல்லாத வீடு. அம்மா விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போவதை நிறுத்துவதற்கு உனக்குத் தெரிந்த ஒரே வழி அந்த வேலை.

கடைக்குக் கொண்டுபோக வேண்டிய சனிக்கிழமைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வந்த உன் அம்மாவை நீதான் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாய். "இது யாருடா?" என்று கேட்டார். "நீதாம்மா" என்றாய். "தலையில துணி கட்டாம எவ மரம் வெட்டுவா?" என்றார். உடனே அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் இரண்டு புள்ளி சேர்த்தாய். மூன்று ஆட்டம் ஆடினார். மூன்றாவதில் நான்காம் மரத்தோடு நிறுத்திக் கூரைக்குத் திரும்பிவிட்டார். ஐந்தாவதை வெட்டியிருக்க வேண்டிய நேரத்தில் மழை வந்தது.

"மூணு தடவையும் அஞ்சாவது மரத்துலதான் வருது. மழ என்ன நம்ம தோட்டத்துக் கிராணியாடா, விடிகாலப் பெரட்டுல பேரு கூப்புட வர்ற மாரி நேரம் தவறாம வர்றதுக்கு?"

நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் கணினி மழைக்கு அதே எண்களை அதே வரிசையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்தது திறமை இல்லை, மனப்பாடம். இருபது வருஷம் மழைக்குப் பயந்து மரம் வெட்டியவர் மூன்றே ஆட்டத்தில் கண்டுபிடித்ததை நாம் ஒரு மாதம் ஆடியும் பார்க்கவில்லை.

அம்மா போனபிறகு கையேட்டைப் புரட்டி, ஒரே வரியில் சரிசெய்துவிடலாம் என்றாய். நான் தடுத்தேன். "சனிக்கெழம வரைக்கும் விடுடா. மழ எங்க வரும்னு எனக்குத் தெரியும். மொதலாளி முன்னால நனையாம முடிச்சிக் காட்டறேன். வேல கெடச்சப்புறம் மாத்திக்க." நீ தலையை ஆட்டினாய். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்து நாடாவில் பதிந்துவிட்டாய். என்னிடம் சொல்லவில்லை. கிள்ளான் கடையில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க, நான் பெரிய ஆளாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டாவது மரத்தில் மழை கொட்டியது. மறுபடி ஆடினேன். ஏழாவது வரைக்கும் வராது என்று நினைத்தபோது ஆறாவதில் வந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நீ எழுதியதை அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

பேருந்து நிலையத்தில் உன் சட்டையைப் பிடித்தேன். ஏன்டா செய்தாய் என்று கேட்டேன். "அம்மாவே கண்டுபுடிச்ச பொய்ய வச்சி அம்மாவுக்குச் சோறு போடச் சொல்றியா?" என்றாய். சத்தம் போடாமல்தான் சொன்னாய். நான்தான் ஊர் கேட்கக் கத்தினேன்.

"அப்ப சாவுற வரைக்கும் ஒங்கம்மா மரம் வெட்டிக்கிட்டே கெடக்கட்டும்!"

ஒரே பேருந்தில் வேறு வேறு இருக்கையில் திரும்பி வந்தோம். அடுத்த ஞாயிறு நீ வரவில்லை, நானும் லயத்துப் பக்கம் போகவில்லை. செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாய் என்று யாரோ சொல்லித்தான் தெரியும். அந்தச் சம்பளத்தில் வீடு பிடித்து அம்மாவை அழைத்துக்கொள்ள உனக்கு ஆறு வருஷம் ஆனது. ஆறு வருஷமும் அவர் மரம் வெட்டினார். நான் கோலாலம்பூருக்குப் படிக்கப் போனேன். நீ நோட்டில் எழுதிக் காட்டியதை வைத்துத்தான் அங்கே முதல் வருஷத்தை ஓட்டினேன் என்பதை உன்னிடம் சொன்னதில்லை. கல்யாண வீடுகளில் பார்த்துக்கொண்டால், "நல்லா இருக்கியா?" "இருக்கேன்லா" என்பதோடு சரி. ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ஒவ்வொரு முறையும் பந்தியில் இடம் பிடிக்கப் போய்விட்டேன். வெட்கத்தைவிடச் சோம்பல்தான் அதில் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

நெஞ்சுவலி என்று ஒரே நாளில் போய்விட்டாய். செரண்டா வீட்டுக்கு வந்தேன். உன்னைக் கொண்டுபோனபிறகு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முழங்காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"ஒன்னு கேக்கணும்பா. கிள்ளான்ல வேல கெடைக்காத அன்னிக்கி அவன் ஒன்னயப் பேசக்கூடாத பேச்சு பேசிட்டானாமே. எத்தன தடவ கேட்டாலும் அதத்தான் சொல்வான். 'நாந்தாம்மா தப்பா பேசிட்டேன், அதான் அவன் வரமாட்டறான்'னு. இனி அவன் வந்து கேக்க முடியாது. எனக்காக அவன மன்னிச்சிருப்பா."

பேருந்து நிலையத்தில் நான் சொன்ன சொல் அவர் காதுக்குப் போய்விடக்கூடாது என்று நீ அதை உன் தலையில் போட்டுக்கொண்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறாய். நான் உண்மையைச் சொல்லியிருந்தால், மகனைக் கொண்டுபோன நாளில் அந்தச் சொல்லையும் அவர் கேட்டிருக்க வேண்டும். அதற்குத்தான் பயந்தேனா, இல்லை எனக்காகவே பயந்தேனா என்று இன்னும் தெரியவில்லை.

"சரிம்மா, மன்னிச்சிட்டேன்" என்றேன். அவர் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.